எரிப்பதும் காப்பதும்: பெட்ரோலியப் பொருள்களைக் குறித்து ஓர் ஆராய்ச்சி

ஒரு பொருளின் மதிப்பு அப்பொருளிடத்திலேயே நிலையாக அமைந்து கிடப்பதன்று. அதைப் பயன்படுத்தத் தெரிந்த மனிதரின் அறிவையும், அவர்கள் வாழும் காலத்தின் தேவையையும் பொறுத்தே அது உயர்வதும் தாழ்வதும் உண்டு. இவ்வுண்மைக்குப் பெட்ரோலியத்தின் சரித்திரத்தைக் காட்டிலும் தெளிவான சாட்சி கிடைப்பது அரிது. அமெரிக்காவின் பென்ஸில்வேனியா மாகாணத்தில், டைட்டஸ்வில் என்னும் சிற்றூருக்கருகே, எட்வின் டிரேக் என்பவர் 1859-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 27-ஆம் தேதி ஏறத்தாழ 70 அடி ஆழத்தில் எண்ணெய் கண்டபோது, உலகம் அதில் தேடியது விளக்கெரிக்கும் மண்ணெண்ணெய் ஒன்றைத்தான். கச்சா எண்ணெயைக் காய்ச்சி வடிக்கையில் முன்னதாகவே ஆவியாகி வந்த இலேசான திரவம், விளக்கில் ஊற்றினால் வெடித்து வீட்டையே கொளுத்திவிடும் இயல்புடையதாயிருந்தமையால், வேண்டாத கழிவென்று பள்ளங்களிலும் ஓடைகளிலும் கொட்டப்பட்டது. அப்படிக் கொட்டப்பட்டதுதான் இன்று நாம் கொடுத்த விலைக்குத் துளி சிந்தாமல் நிரப்பச் சொல்லி வாங்கும் பெட்ரோல். அதற்கு நேர்மாறாக, அன்று தேசங்களுக்கிடையே போட்டியை மூட்டிய மண்ணெண்ணெயோ, மின்சாரமும் சமையல் வாயுவும் பரவிய பின், நம் வீடுகளிலிருந்து ஏறக்குறைய விடைபெற்றுக்கொண்டுவிட்டது.

ஆகையால் பெட்ரோலியப் பொருள்களை ஆராயப் புகுவோர், ஒவ்வொன்றும் எதற்கு உதவுகிறது என்று பட்டியலிடுவதோடு நின்றுவிடுதல் போதாது. அந்த வேலையை வேறொரு பொருள் செய்யக்கூடுமா, வேலை முடிந்த பின் மிஞ்சுவது என்ன, அதனால் யாருடைய பாரம் குறைகிறது என்னும் மூன்று கேள்விகளையும் கூடவே கேட்டாக வேண்டும். கோடிக்கணக்கான ஆண்டுகளில் உருவான ஒரு செல்வத்தை இரண்டொரு நூற்றாண்டுகளில் செலவழித்துக்கொண்டிருக்கும் தலைமுறைக்கு, இக்கேள்விகள் வெறும் கல்விப் பொழுதுபோக்கல்ல, கடமையேயாகும்.

தோற்றமும் பிரிப்பும்

பண்டைக் கடல்களில் வாழ்ந்து மடிந்த நுண்ணிய பாசிகளும் உயிரினங்களும் அடிச்சேற்றில் புதைந்து, அதன்மேல் படிவங்கள் அடுக்கடுக்காகச் சேர்ந்து, பாரமும் வெப்பமும் யுகக்கணக்கில் அவற்றைப் பக்குவப்படுத்தியதன் விளைவே பெட்ரோலியம் என்பது விஞ்ஞானிகளின் முடிவு. அது சுனைபோலத் தேங்கிக் கிடப்பதன்று. நுண்துளைகளுள்ள பாறையில் ஊறி நின்று, மேலே எண்ணெய் புகமுடியாத கெட்டிப் பாறையொன்று மூடியிருக்கும் இடத்தில் அகப்பட்டுக்கொண்டிருப்பது. சில இடங்களில் தானே கசிந்து வெளிப்பட்டமையால் பழங்கால மக்களும் அதை அறிந்திருந்தனர். மொகஞ்சதாரோவின் பெருங்குளத்தில் நீர் கசியாதிருக்கச் செங்கற் சுவரோடு நிலக்கீல் பூசப்பட்டிருந்தது. பாக்கு என்னும் அயல்நாட்டு நகரத்தருகே மண்ணிலிருந்து எழுந்த அணையாத வாயுத் தீயைச் சுற்றி எழுந்த கோயிலில், அங்கே வாணிகத்தின் பொருட்டுச் சென்ற இந்தியர் பொறித்த சமஸ்கிருத சாசனங்களை இன்றும் காணலாம்.

நம் தேசத்தில் அஸ்ஸாமின் டிக்பாய் என்னுமிடத்தில் 1889-இல் எண்ணெய் கண்டு, 1901-இல் சுத்திகரிப்பு ஆலையும் எழுந்தது. ஆயினும் தென்னாட்டு விளக்குகளுக்கு நெடுங்காலம் எண்ணெய் வார்த்தது பர்மாவே. 1914-ஆம் ஆண்டு செப்டம்பர் 22-ஆம் தேதி இரவு ஜெர்மானியப் போர்க்கப்பலான எம்டன் சென்னைத் துறைமுகத்தின்மீது குண்டு வீசியபோது தீப்பற்றி எரிந்தவை பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளே என்பதிலிருந்து, ஒரு நகரத்தின் வாழ்வு இவ்வெண்ணெயோடு அப்போதே எவ்வளவு பிணைந்துவிட்டது என்பதையும், பகைவன் அதை எவ்வளவு சரியாகக் கணித்திருந்தான் என்பதையும் உணரலாம். பிற்காலத்தில், 1969-இல், மணலியில் சுத்திகரிப்பு ஆலை இயங்கத் தொடங்கியது. காவிரிப் படுகையில் நரிமணம் முதலிய இடங்களிலும் எண்ணெய் கிடைத்தது.

கிணற்றிலிருந்து வரும் கச்சா எண்ணெய் ஒரே பொருளன்று. கரியும் ஹைட்ரஜனும் பல்வேறு அளவில் இணைந்த எண்ணற்ற சேர்மங்களின் கலவை. கரியணுக்கள் குறைவாயுள்ளவை இலேசாகவும், விரைவில் ஆவியாகும் தன்மையுடனும் இருக்கும். மிகுதியாயுள்ளவை கனத்து, தடித்து, கொதிப்பதற்கு அதிக வெப்பத்தை வேண்டி நிற்கும். இந்த ஒரு வேறுபாட்டின் மேல்தான் சுத்திகரிப்புத் தொழில் முழுவதும் நிற்கிறது. கச்சா எண்ணெயைச் சுமார் 350 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் காய்ச்சி, உயர்ந்த கோபுரம் போன்ற இரும்புக் கலத்தின் அடிப்பாகத்தில் செலுத்தினால், ஆவி மேலே ஏற ஏறக் குளிர்ந்து, ஒவ்வொரு தட்டிலும் அதற்குரிய பொருள் திரவமாகி நிற்கும். உச்சியில் வாயுக்களும், அதற்குக் கீழே பெட்ரோலுக்கு மூலமான நாப்தாவும், பிறகு மண்ணெண்ணெயும், பிறகு டீசலும், அடியில் உலை எண்ணெய், மசகெண்ணெய், மெழுகு, தார் ஆகியவற்றுக்கு மூலமான கெட்டிக் கசடும் பிரிகின்றன. மோட்டார் வண்டிகள் பெருகிப் பெட்ரோலின் தேவை மிகுந்தபோது, கனமான சேர்மங்களை வெப்பத்தாலும் பிறகு கிரியா ஊக்கிகளாலும் உடைத்து இலேசானவையாக்கும் முறைகள் வந்தன. அமெரிக்கரான வில்லியம் பர்ட்டன் 1913-இல் காப்புரிமை பெற்ற முறை அவற்றுள் முன்னோடி. எவ்வளவுதான் மாற்றினாலும், ஒன்றை வடிக்கும்போது மற்றவையும் கூடவே பிறக்கும் என்பதை மறக்கலாகாது. பெட்ரோல் மட்டும் வேண்டும், மற்றெதுவும் வேண்டாம் என்று சொல்ல எந்த ஆலையாலும் இயலாது.

சமையல் வாயு

கோபுரத்தின் உச்சியில் பிரியும் புரொப்பேன், பியூட்டேன் என்னும் வாயுக்களே அழுத்தத்தால் திரவமாக்கப்பட்டு, 14.2 கிலோ கொள்ளும் சிவப்பு உருளைகளில் நம் வீட்டு வாசலுக்கு வருகின்றன. 1955-இல் பம்பாயில் முதன்முதலாக வீடுகளுக்கு வழங்கப்பட்ட இவ்வெரிபொருள், திரவ நிலையில் இருக்கும் இடத்தைப்போல் ஏறத்தாழ 250 மடங்கு இடத்தை வாயு நிலையில் அடைத்துக்கொள்வதால்தான், ஒரு சிறு குடும்பத்தின் மாதச் சமையலுக்கான வெப்பம் முழுவதையும் ஓர் ஆள் தோளில் தூக்கி வர முடிகிறது. பெரிய அடுப்பைத் தொடர்ந்து எரியவிட்டுவிட்டு உருளையைத் தொட்டுப் பார்த்தால், உள்ளே திரவம் நிற்கும் மட்டம்வரை சில்லென்றிருக்கும். மழைக்கால ஈரக்காற்றில் அம்மட்டம்வரை வியர்த்தும் நிற்கும். திரவம் வாயுவாவதற்கு வேண்டிய வெப்பத்தை உருளையிடமிருந்தே எடுத்துக்கொள்வதன் விளைவு இது.

இவ்வாயுவுக்கு இயல்பாக மணமில்லை. கசிந்தால் தெரியவேண்டும் என்பதற்காகவே, அழுகிய முட்டைக்கோஸை நினைப்பூட்டும் நாற்றமுடைய எதில் மெர்காப்டன் என்னும் பொருளை மிகச் சிறிதளவு கலக்கிறார்கள். காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்குவரை கனமுள்ளதாகையால், கசிந்த வாயு மேலெழும்பிப் போய்விடாமல் தரையோடு படிந்து, மேடைக்கடியிலும் சாக்கடைத் துவாரத்திலும் தேங்கி நிற்கும். ஆதலால் நாற்றம் தெரிந்தவுடன் செய்யவேண்டியவை ரெகுலேட்டரை மூடுவதும், கதவு சன்னல்களைத் திறப்பதும், சுவிட்சுகளைப் போடாமலும் அணைக்காமலும் அப்படியே விட்டுவிடுவதுமாகும். சுவிட்சின் சிறு பொறி ஒன்றே விபத்துக்குப் போதும்.

விறகும் வறட்டியும் எரிக்கும் அடுப்பின் புகையில், நெல் குத்தியும் நீர் சுமந்தும் ஓய்ந்த பெண்கள், கண் எரியவும் நெஞ்சு அடைக்கவும் ஊதுகுழலோடு போராடிய நாட்களை அறிந்தவர்கள், இவ்வாயு நம் அடுக்களைகளுக்குச் செய்த உபகாரத்தை ஒருபோதும் குறைத்து மதிப்பிட மாட்டார்கள். பெட்ரோலியத்தை எரிப்பது வீண் என்று பொதுவாகச் சொல்லிவிடுவோரும் இவ்விடத்தில் சற்று நிதானிக்க வேண்டும். ஏழை வீட்டு அடுப்பில் எரியும் ஒரு கிலோ வாயு, அவ்வீட்டுப் பெண்ணின் சுவாசத்தையும் குழந்தையின் ஆரோக்கியத்தையும் காத்து எரிகிறது.

பெட்ரோலும் டீசலும்

கார்ல் பென்ஸ் தமது மோட்டார் வண்டிக்கு 1886-இல் காப்புரிமை பெற்றபோது எரிபொருள் நிலையம் என்று ஒன்று உலகில் இருந்ததில்லை. 1888-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் அவருடைய மனைவி பெர்த்தா பென்ஸ், மகன்கள் இருவரையும் ஏற்றிக்கொண்டு மான்ஹைம் நகரத்திலிருந்து தம் தாய் வீடிருந்த போர்ஸ்ஹைமுக்கு அவ்வண்டியை ஓட்டிச் சென்றார். வழியில் எரிபொருள் தீர்ந்தபோது அவர் வண்டியை நிறுத்தியது வீஸ்லோக் என்னும் ஊரிலிருந்த மருந்துக் கடையின் முன்னால்தான். துணியிலுள்ள கறையைப் போக்கும் திரவமாக அங்கே அது புட்டிகளில் விற்கப்பட்டுவந்தது. கறை நீக்கியாகக் கடையில் ஒதுங்கிக் கிடந்த பொருள் சில பத்தாண்டுகளில் உலக அரசியலையே ஆட்டிவைக்கும் பொருளானது.

பெட்ரோலின் ஆவி வெகு குளிர்ந்த நிலையிலும் தீப்பற்றக்கூடியது. இதன் காரணமாகவே அது சிறு பொறியால் எரியும் எஞ்சினுக்குப் பொருத்தமாகவும், வீட்டில் கேன்களில் சேமிக்கத் தகாததாகவும் இருக்கிறது. காலத்துக்கு முன்பே எஞ்சினுக்குள் வெடித்துத் தட்டும் குறையைப் போக்க, 1921-இல் தாமஸ் மிட்ஜ்லி என்பவர் ஈயச் சேர்மம் ஒன்றைக் கண்டறிந்தார். அது எஞ்சினுக்கு நன்மையும் மனிதருக்குத் தீமையும் செய்தது. புகையோடு வெளிவந்த ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுப்பது தெளிவாகத் தெரிந்த பின்னும் அதை விலக்கப் பல்லாண்டுகள் பிடித்தன. இந்தியாவில் 2000-ஆம் ஆண்டில் ஈயம் கலந்த பெட்ரோல் முற்றும் நிறுத்தப்பட்டது; கார்களுக்கு அதை விற்ற கடைசி நாடான அல்ஜீரியா 2021-இல் கைவிட்டது. ஒரு சௌகரியத்தைத் தழுவிக்கொள்வது எவ்வளவு எளிது, அதன் தீங்கைத் தெரிந்துகொண்ட பின்னும் விடுவது எவ்வளவு கடினம் என்பதற்கு இது போதிய பாடம்.

ருடால்ப் டீசல் 1897-இல் வெற்றிகரமாக இயக்கிக்காட்டிய எஞ்சினில் பொறிக்கே வேலையில்லை. காற்றை வலிமையாக அழுத்தினால் அது தானே பழுக்கக் காய்கிறது. அந்தக் காற்றில் எண்ணெயைத் தூவினால் அது தானே தீப்பற்றுகிறது. அதிக விசையும் சிக்கனமும் உடைய இவ்வெஞ்சின்தான் நாமக்கல் லாரிகளையும், ஊர்ப் பேருந்துகளையும், விசைப்படகுகளையும், மின்சாரம் எட்டாத வயல்களின் பம்புசெட்டுகளையும் ஓட்டி வந்திருக்கிறது. சந்தைக்கு வரும் காய்கறியின் விலையிலும், மீனின் விலையிலும், நெல்லின் விலையிலும் டீசலின் விலை மறைந்திருக்கிறது. சொந்தத்தில் வண்டியே இல்லாத ஏழையும் அதை நாள்தோறும் செலுத்துகிறான்.

மண்ணெண்ணெய்

பெட்ரோலியப் பொருள்களுள் நம் மக்களோடு மிக நெருங்கிப் பழகியது மண்ணெண்ணெய்தான். சீமெண்ணெய் என்றும் கிருஷ்ணாயில் என்றும் ஊருக்கு ஊர் வேறு பெயரால் அழைக்கப்பட்ட இது வருமுன், ஆமணக்கெண்ணெயும் இலுப்பெண்ணெயும் புங்கெண்ணெயுமே நம் அகல்களில் எரிந்தன. 1853-ஆம் ஆண்டு ஜூலை 31-ஆம் தேதி இக்னசி லூகாசியேவிச் என்னும் போலந்து மருந்தியல் அறிஞர் வடித்த எண்ணெய், லிவிவ் நகர மருத்துவமனையில் விளக்காக எரிந்து, இரவில் நடந்த அறுவைச் சிகிச்சைக்கு வெளிச்சம் தந்தது. 1892-இல் மார்க்கஸ் சாமுவேல் என்னும் ஆங்கில வணிகரின் மியூரெக்ஸ் என்னும் கப்பல், ருஷ்ய மண்ணெண்ணெயைத் தன் தொட்டிகளில் நிரப்பிக்கொண்டு சூயஸ் கால்வாய் வழியே கீழ்த்திசைக்கு வந்தபோது, தகரங்களில் அடைத்து மரப்பெட்டிகளில் வந்த அமெரிக்க எண்ணெய்க்கு வலுவான போட்டி எழுந்தது. அத்தகரங்களோ எண்ணெய் தீர்ந்த பின்னும் நம் வீடுகளை விட்டுப் போகவில்லை. மேல்மூடியை வெட்டி, குறுக்கே ஒரு கட்டையை அடித்தால் தண்ணீர் சுமக்கும் டின். மூடியோடு விட்டால் அரிசி பருப்பு வைக்கும் டின். பிரித்துத் தட்டி நீட்டினால் கூரைக்கும் தட்டிக்கும் தகடு.

பம்பு ஸ்டவ்வை எரித்துப் பழகியவர்கள் ஒரு நுட்பத்தைக் கவனித்திருப்பார்கள். எண்ணெயை நிரப்பி, பர்னரைச் சுற்றியுள்ள கிண்ணத்தில் சிறிது ஸ்பிரிட் ஊற்றிக் கொளுத்தி, பர்னர் நன்றாகச் சூடேறிய பின்னரே காற்றடிக்க வேண்டும். பொறுமையின்றி முன்னதாகவே காற்றடித்தால் எண்ணெய் ஆவியாகாமல் திரவமாகவே பீச்சி, மஞ்சள் தழலோடு கரும்புகையைக் கக்கும். முறையாகச் சூடாக்கியிருந்தாலோ, அதே எண்ணெய் ஆவியாகி நுண்துளை வழியே சீறி வந்து, காற்றோடு கலந்து நீல நிறத்தில் எரியும். திரவம் எரிவதில்லை, அதன் ஆவியே எரிகிறது என்னும் பௌதிக உண்மையை, பாடப் புத்தகம் இன்றியே நம் தாய்மார்கள் அடுக்களையில் கற்று வைத்திருந்தனர். துளை அடைத்துக்கொண்டால் பின் ஊசியால் குத்திச் சரிசெய்வதும் அவர்களுக்குக் கைவந்த கலை.

ரேஷன் கடைகளில் மானிய விலையில் வழங்கப்பட்ட எண்ணெய்க்கு நீல நிறம் ஏற்றியது, அது வெளிச் சந்தைக்குப் போவதையும், டீசலில் கலக்கப்படுவதையும் கண்டுபிடிப்பதற்காகவே. வீடுகளை விட்டு நீங்கினாலும் இதன் வாழ்வு முடிந்துவிடவில்லை. கன்னியாகுமரிக் கடற்கரையில் வெளிப்பொருத்து மோட்டார் பூட்டிய வள்ளங்களுக்கு இது இன்றும் எரிபொருள். மேலும் தூய்மைப்படுத்தி, உறைந்துபோகாதவாறு பக்குவம் செய்த மண்ணெண்ணெய்தான் ஜெட் விமானங்களை வானில் செலுத்துகிறது. திருநெல்வேலிச் சீமையில் மகேந்திரகிரியின் அடிவாரத்தில், இஸ்ரோ நிறுவனம் சோதித்துவரும் புதிய ராக்கெட் எஞ்சினும் சுத்திகரித்த மண்ணெண்ணெயைத் திரவ ஆக்ஸிஜனோடு சேர்த்தே எரிக்கிறது.

எரிக்காமல் பயன்படுபவை

இதுகாறும் கூறியவை ஒருமுறை எரிந்து மறைபவை. கோபுரத்தின் அடியில் தங்கும் கனத்த எண்ணெய்களோ, உலை எண்ணெய் நீங்கலாக, பெரும்பாலும் எரிப்பதற்கன்றி உடனிருந்து உழைப்பதற்கே ஏற்றவை. அவற்றுள் முதலாவது மசகெண்ணெய். இரும்போடு இரும்பு உராயும் இடத்தில் மெல்லிய படலமாக நின்று, தேய்மானத்தையும் சூட்டையும் குறைத்து, இயந்திரத்தின் ஆயுளை நீட்டிப்பது அது. தையல் இயந்திரத்துக்கு வேண்டியது தண்ணீர்போல் ஓடும் மெல்லிய எண்ணெய். லாரி எஞ்சினுக்கு வேண்டியது காய்ந்தாலும் நீர்த்துப்போகாத தடித்த எண்ணெய். ஒன்றின் இடத்தில் மற்றொன்றை ஊற்றுவது இயந்திரத்துக்குச் செய்யும் துரோகம். எண்ணெயைச் சோப்புச் சேர்மங்களால் இறுகச் செய்தது கிரீஸ். வைக்கோல் கரியை ஆமணக்கெண்ணெயில் குழைத்து மாட்டுவண்டி அச்சுக்கு இட்ட மை செய்த வேலையைத்தான், கோடிச் சக்கரங்களுக்கு இன்று இது செய்கிறது.

மெழுகின் வேலை இன்னும் நுட்பமானது. சிவகாசிப் பிராந்தியத்தில் செய்யப்படும் ஒரு சாதாரணத் தீக்குச்சியை எடுத்துப் பார்ப்போம். பெட்டியின் பக்கவாட்டிலுள்ள சிவப்புப் பாஸ்பரஸில் உரசியவுடன் குச்சியின் தலையிலுள்ள மருந்து குபீரென்று பற்றி, கண்ணிமைக்கும் நேரத்தில் தீர்ந்துவிடுகிறது. அந்தச் சிறு நேரத்தில் வெறும் மரம் தீப்பற்றாது. ஆனால் மருந்து வைப்பதற்கு முன்பே குச்சியின் முனை உருகிய பாரபின் மெழுகில் தோய்க்கப்பட்டிருப்பதால், மருந்தின் வெப்பத்தில் மெழுகு ஆவியாகி எரிந்து, தழலைப் பதமாக மரத்துக்குக் கைமாற்றுகிறது. விளக்கேற்றவும் அடுப்புப் பற்றவைக்கவும் நமக்குக் கிடைக்கும் அந்தச் சில நொடிகளை அளிப்பது கண்ணுக்குத் தெரியாத அம்மெழுகே. மெழுகுவத்தி, குழந்தைகளின் வண்ணக் குச்சி, நீர் புகாத காகிதம், பாட்டிக் துணி, வலி போக்கும் தைலங்களின் கெட்டித்தன்மை என இதன் சேவை விரிந்துகொண்டே செல்லும்.

டைட்டஸ்வில்லுக்குச் சென்ற ராபர்ட் செஸ்பரோ என்னும் இளம் ரசாயனர், எண்ணெய் இறைக்கும் கம்பிகளில் ஒட்டித் தொல்லை தந்த பசையைத் தொழிலாளர்கள் வழித்தெடுத்துத் தங்கள் காயங்களிலும் தீப்புண்களிலும் பூசிக்கொள்வதைக் கண்டார். அதைச் சுத்தப்படுத்தி 1872-இல் அவர் காப்புரிமை பெற்றதே வாசலைன். மார்கழிப் பனியில் வெடிக்கும் உதட்டுக்கும் குதிகாலுக்கும் நாம் பூசும் இப்பசை, தோலுக்குப் போஷாக்கு எதையும் ஊட்டுவதில்லை. உள்ளிருக்கும் ஈரம் போய்விடாதபடி மூடிக் காப்பதே அதன் தொழில். மருந்துகளோடு எளிதில் வினைபுரியாமல், கெட்டுப்போகாமல் இருப்பதால், எண்ணற்ற களிம்புகளுக்கு அதுவே ஆதாரம்.

கடைசியாக மிஞ்சுவது தார். கோபுரத்தின் அடியில் தங்கும் கசடு என்று பெயர் பெற்ற இது இல்லையேல், கிராமத்துக்கும் நகரத்துக்கும் இடையே மழைக்காலத்தில் போக்குவரத்தே இராது. காய்ச்சிய ஜல்லியோடு காய்ச்சிய தாரைக் கலந்து பரப்பி, சூடு ஆறுமுன் ரோலரால் அழுத்தும்போது, ஒவ்வொரு கல்லையும் தார் போர்த்திப் பிணைக்கிறது. தார்ச் சாலைக்குப் பரம சத்துரு தண்ணீர். வடிகாலில்லாத சாலையில் தேங்கும் நீர் விரிசல் வழியே இறங்கிக் கல்லையும் தாரையும் பிரித்துவிடும். பாரவண்டிகள் மீதியைச் செய்துவிடும். மதுரைத் தியாகராசர் பொறியியற் கல்லூரிப் பேராசிரியர் இராஜகோபாலன் வாசுதேவன், கழிவுப் பிளாஸ்டிக்கைத் துண்டுகளாக்கிச் சூடான ஜல்லியின்மேல் தூவினால் அது உருகிக் கல்லின்மேல் படலமாகப் படிந்து, தாரை இறுகப் பற்றுவதோடு நீரையும் தடுக்கிறது என்று கண்டு, அதைச் சாலை போடும் முறையாகவே வகுத்தளித்தார். 2018-இல் பத்மஸ்ரீ விருது பெற்ற அப்பேராசிரியரின் முறையில், தெருவில் கிடந்த கழிவு தெருவுக்கே உறுதியாகிறது, தாரும் மிச்சமாகிறது.

ரசாயனச் சந்ததி

நாப்தாவையும் அதன் உறவான பொருள்களையும் உடைத்துப் பெறும் எத்திலீன், புரொப்பிலீன், பென்சீன் முதலியவற்றிலிருந்து பிறந்த சந்ததியோ கணக்கிலடங்காதது. 1933-இல் இங்கிலாந்தில் ரெஜினால்ட் கிப்ஸன், எரிக் பாசெட் என்னும் இருவரின் சோதனைக் கலத்தில் எதிர்பாராமல் தோன்றிய வெண்மையான மெழுகு போன்ற பொருளே பாலிதீன். தண்ணீர்க் குழாயடியில் வரிசையாக நிற்கும் வண்ணவண்ணப் பிளாஸ்டிக் குடங்களைக் கண்டு முகம் சுளிப்போர், வெறுங்குடமே பெரும் சுமையாயிருந்த பித்தளைக் குடத்தை இடுப்பில் தாங்கி நெடுந்தூரம் நடந்த பெண்களின் வேதனையையும் எண்ணிப் பார்க்க வேண்டும். நைலான் வந்த பின், அடிக்கடி உலர்த்தியும் பட்டைச் சாயத்தில் தோய்த்தும் காக்கவேண்டியிருந்த பருத்தி வலைகள் மறைந்து, உப்புநீரில் மக்காத வலைகள் மீனவர் கைக்கு வந்தன. டெரிலினும் டெரிகாட்டனும் கசங்காத உடையை எளியோருக்கும் எட்டச்செய்தன.

மணலியில் மண்ணெண்ணெயிலுள்ள நேர்ச்சங்கிலிச் சேர்மங்களைப் பிரித்தெடுத்து, பென்சீனோடு இணைத்துச் செய்யும் லீனியர் ஆல்கைல் பென்சீன் என்னும் பொருளே சலவைத் தூளின் அழுக்கு நீக்கும் சக்திக்கு மூலம். விளக்கில் எரியவேண்டியது வாளியில் நுரையாகிறது. கனத்த எண்ணெயை அரைகுறையாக எரித்துப் பெறும் கரித்தூள், டயர்களுக்கு உறுதியும் கருமையும், செய்தித்தாளின் எழுத்துக்கு மையும் தருகிறது. காய்ச்சலுக்கு நாம் விழுங்கும் பாராசிட்டமால், நெஞ்சுநோய்க்குத் தரும் ஆஸ்பிரின் ஆகியவற்றின் பரம்பரையைத் தேடிச் சென்றாலும் பென்சீனிலேயே போய் முடிகிறது. தூத்துக்குடியிலும் மணலியிலும் நெடுங்காலம் நாப்தாவிலிருந்தே யூரியா உரம் செய்யப்பட்டு நம் வயல்களுக்கு வந்தது.

தீமைகளும் எச்சரிக்கையும்

இத்தனை நன்மைகளைச் சொன்ன பின் தீமைகளை மறைப்பது நேர்மையாகாது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால், காற்றிலுள்ள ஆக்ஸிஜனும் சேர்ந்து, ஏறத்தாழ 2.3 கிலோ கரியமில வாயுவாகி வானில் கலக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அந்த வாயுவின் தொகையே பூமியைச் சூடேற்றி, பருவங்களை நிலைகுலையச் செய்துவருகிறது. 2017-ஆம் ஆண்டு ஜனவரி 28-ஆம் தேதி எண்ணூர் அருகே இரண்டு கப்பல்கள் மோதியதால் கடலில் சிந்திய கனத்த எண்ணெயை, கரையோரத்து மக்களும் தொண்டர்களும் வாளிகளால் அள்ளிக் கொட்டிய காட்சியைத் தமிழ்நாடு மறந்திருக்க முடியாது. இலட்சக்கணக்கான லிட்டரைக் கையாளும் தொழில் ஒரு நாள் தவறினால், அதன் தண்டனை வலையை நம்பி வாழ்பவன் தலையில்தான் விழுகிறது. எரியாமல் நிலைத்து நிற்பதே சிறப்பு என்று நாம் போற்றிய பிளாஸ்டிக்கும், ஒருமுறை உபயோகித்து எறியப்படும்போது அந்த நிலைத்தன்மையாலேயே சாபமாகிறது. 2019 ஜனவரி முதல் ஒருமுறை பயன்படும் பிளாஸ்டிக்குகளுக்குத் தமிழக அரசு விதித்த தடை அதனால் எழுந்ததே.

வீட்டளவிலும் ஓர் எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல வேண்டும். மண்ணெண்ணெயையோ டர்பெண்டைனையோ குளிர்பானப் புட்டிகளில் ஊற்றி வைப்பதால், தண்ணீரென்று எண்ணிக் குழந்தைகள் குடித்துவிடும் விபத்து இன்றும் நேர்கிறது. அப்போது வாந்தியெடுக்கச் செய்வது பெரும் பிழை; மேலே வரும் எண்ணெய் மூச்சுக்குழாயில் இறங்கி நுரையீரலைப் புண்ணாக்கிவிடும். எதையும் புகட்டாமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்வதே முறை.

முடிவு

இனி முதலில் எழுப்பிய மூன்று கேள்விகளுக்கு வருவோம். உலகம் நாள் ஒன்றுக்குச் செலவிடும் எண்ணெய் ஏறத்தாழ 10 கோடி பீப்பாய். பீப்பாய் ஒன்றுக்குச் சுமார் 159 லிட்டர். அதில் பெரும்பகுதி எரிந்தே போகிறது. நம் தேசமோ தனக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் அந்நிய நாடுகளிலிருந்து வாங்குகிறது. பெட்ரோலியம் எரிபொருளாகத் தீர்ந்துபோவதைவிட ரசாயனத் தொழிலுக்கு மூலப்பொருளாக இருக்கவே தக்கது என்று, 1876-இல் பென்ஸில்வேனியாவுக்கே சென்று எண்ணெய்த் தொழிலை ஆராய்ந்த ருஷ்ய அறிஞர் மெண்டலீவ் அக்காலத்திலேயே கருதினார். ஆனால் அவர் காலத்தில் எரிபொருளுக்கு மாற்று அரிது. நமக்கோ சூரிய ஒளியும், ஆரல்வாய்மொழிக் கணவாயில் வீசும் காற்றும் மின்சாரமாகி வண்டிகளை ஓட்டத் தொடங்கிவிட்டன. எரிப்பதற்கு மாற்று கிடைத்துவருகிறது. மசகெண்ணெய்க்கும், தாருக்கும், மருந்தின் மூலத்துக்கும் அத்தகைய எளிய மாற்று இன்னும் இல்லை.

ஆகவே நம் சிக்கனத்துக்கு ஒரு வரிசை வேண்டும். பேருந்தில் நாற்பது பேரைச் சுமந்து எரியும் டீசலும், போக்குவரத்து நெரிசலில் ஒருவரைச் சுமந்து நின்றபடியே எரியும் பெட்ரோலும் சமமல்ல. விறகுப் புகையை ஒழிக்க எரியும் வாயுவும், ஆடம்பர விளக்குகளுக்காக ஓடும் ஜெனரேட்டரின் எண்ணெயும் சமமல்ல. பத்தாண்டு உழைக்கும் குடமும், பத்து நிமிடத்தில் எறியப்படும் பையும் சமமல்ல. ஆலையில் எல்லாப் பொருள்களும் கூடப் பிறப்பவை என்பதால் ஒன்றை மட்டும் சட்டென்று நிறுத்திவிட முடியாது. ஆனால் மாற்று உள்ள இடத்தில் முதலில் குறைத்து, மாற்றில்லாத இடத்துக்கு மிச்சம் பிடித்து, எரியாமல் நிலைக்கும் பொருள்களை மீண்டும் மீண்டும் உருமாற்றிப் பயன்படுத்துவது தனிமனிதருக்கும், ஊராட்சிக்கும், அரசாங்கத்துக்கும் ஒருங்கே இயலக்கூடியதே. விறகடுப்பிலிருந்து வாயு அடுப்புக்கு இன்னும் மாறாத குடும்பத்தின் பங்கைக் குறைக்காமல், வசதியுடையோரின் வீண்செலவைக் குறைப்பதிலிருந்துதான் அந்த முயற்சி தொடங்க வேண்டும்.